முகப்பில் கணக்கு, பின்கட்டில் பலகாரம்: செட்டிநாட்டில் ஒரு மர வீடு

ஆத்தங்குடிக்கு அருகே ஒரு கிராமத்தில், 45 அடி அகலமும் 120 அடி நீளமும் கொண்ட மனையில், ஒரு குடும்பமும் இரண்டு தொழில்களும் சேர்ந்து இருக்க ஒரு மர வீடு கட்டினோம். மகள் கணக்குத் தணிக்கையாளர். தாயார் பலகாரம் சுட்டு விற்பவர். மருமகன் காரைக்குடியில் கல்லூரி ஆசிரியர். பேரனுக்கு அப்போது ஆறு வயது. வீடு குடிபுகுந்து மூன்று தீபாவளி கடந்துவிட்டது. எது சரியாக அமைந்தது, எதில் நான் தவறினேன் என்று இப்போதுதான் துணிந்து சொல்ல முடிகிறது. வீட்டாரின் விருப்பப்படி பெயர்களைத் தவிர்த்திருக்கிறேன். தாயாரை ஊரே ஆச்சி என்றுதான் அழைக்கிறது. நானும் அப்படியே எழுதுகிறேன்.

அவர்களுக்கு வீடு இல்லாமல் இல்லை. அதே ஊரில் ஆச்சியின் கணவர் வழியில் ஒரு பெரிய வீடு இருக்கிறது. ஒரு தெருவில் தொடங்கி மறு தெருவில் முடிகிற வீடு. பதினொரு பங்கு. அதில் இவர்களுக்கு உரியது, வளவு என்கிற நடு முற்றத்தைச் சுற்றியுள்ள அறைகளில் ஒன்று மட்டும். கல்யாணம், அறுபதாம் கல்யாணச் சாந்தி, முன்னோருக்குப் படைப்பு என்றால் திறப்பார்கள். மற்ற நாளில் பூட்டுத்தான். அங்கே சுவரில் ஓர் ஆணி அடிப்பதற்கும் பதினொரு பேரிடம் கேட்க வேண்டும். அதனால்தான் தனி மனை வாங்கினார்கள்.

முதல் நாள் நான் மூன்று வரைபடங்களோடு போனேன். ஆச்சி அவற்றைச் சுருட்டி என் கையிலேயே திருப்பிக் கொடுத்தார். "படத்தை அப்புறம் பார்க்கலாம், தம்பி. முதலில் வீட்டைப் பாருங்கள்" என்று சாவிக் கொத்தை எடுத்துக்கொண்டு பழைய வீட்டுக்கு அழைத்துப் போனார்.

நான் செட்டிநாட்டு வீடுகளை இருபது ஆண்டுகளாக அளந்து வருகிறவன். அன்றைக்கு ஆச்சி காட்டியதை அதுவரை கண்டதில்லை. அவர் தூண்களைக் காட்டவில்லை; யார் எதுவரை வரலாம் என்பதைக் காட்டினார். தெருவில் போகிறவர் திண்ணைவரை. கணக்கு வழக்கு உள்ளவர் முகப்புவரை. அங்கே ஓரமாகக் கணக்குப்பிள்ளையின் சாய்வு மேசை. உறவுக்காரர் பட்டாலைவரை. வளவுக்குள் வீட்டார். இரண்டாம் கட்டில் சாப்பாடு, அதற்கும் பின்னால் அடுப்படி, அங்கே வேலை செய்கிறவர்களுக்குப் பின் தெருவில் தனி வாசல். முன் வாசல் நிலையில் நின்று பார்த்தால் பின் வாசல்வரை ஒரே நேர்கோட்டில் கண் போகிறது. ஆனால் கால் அப்படிப் போய்விட முடியாது. ஒவ்வொரு நிலையிலும் ஒரு நிறுத்தம்.

அன்று அங்கே நின்றபோது எனக்கு ஒன்று புரிந்தது. நகரத்தார், அதாவது நாட்டுக்கோட்டைச் செட்டியார் வீடு தொடக்கத்திலிருந்தே வீடும் அலுவலகமும் சேர்ந்ததுதான். வட்டிக் கணக்கும் நெல் கணக்கும் முகப்பில் நடந்தன. நூறு பேருக்குச் சமையல் பின்கட்டில் நடந்தது. இரண்டுக்கும் நடுவில் வளவு இருந்தது. நான் புதிதாக எதையும் கண்டுபிடிக்க வேண்டியதில்லை. அந்த ஒழுங்கை 12 சென்ட் மனைக்குள், நான்கு பேர் குடும்பத்துக்குச் சுருக்கித் தர வேண்டும். அவ்வளவுதான் வேலை என்று நினைத்தேன்.

மகள் சொன்னது அதைச் சிக்கலாக்கியது. அவருடைய ஐயா, அதாவது அப்பாவின் தந்தை, சிங்கப்பூர் மார்க்கெட் தெருக் கிட்டங்கியில் இருந்தவர். கிட்டங்கி என்பது நீளமான ஒரு கூடம். ஆளுக்கு ஒரு பெட்டி, ஒரு சிறு மேசை, உட்காரத் தரையில் ஒரு பாய். பகலில் அங்கே கணக்கு, இரவில் அங்கேயே படுக்கை. மூன்றாண்டுக் கணக்கு முடிந்தால்தான் ஊருக்குக் கப்பல். "சென்னையில் நான் பன்னிரண்டு வருஷம் இருந்ததும் கிட்டங்கிதான், சார். கட்டில் பக்கத்திலேயே மேசை. குழந்தைக்குக் காய்ச்சல் என்றாலும் கண் திரையில் இருக்கும். வேலை முடிந்து வீட்டுக்கு வருவது என்பதையே நான் மறந்துவிட்டேன். எனக்கு அது வேண்டும்."

ஆக, ஒரே சமூகம் இரண்டு முறைகளை வைத்திருந்திருக்கிறது. கடல் கடந்த இடத்தில் வேலையும் தூக்கமும் ஒரே பாயில். சொந்த ஊரில் இரண்டுக்கும் நடுவே நான்கு நிலைகள். இந்த வீட்டின் வடிவமைப்பு முழுவதும் அந்த இரண்டாவது முறையைப் பிடித்துக்கொண்டு செய்ததுதான்.

மரம் எங்கே, எங்கே கூடாது

மர வீடு என்றவுடன் பலர் பலகைச் சுவரைக் கற்பனை செய்கிறார்கள். இங்கே அது எடுபடாது. மரப் பலகை வெப்பத்தை எளிதில் கடத்தாது. ஆனால் அதற்குக் கனம் இல்லை. சித்திரை வெயிலில் மெல்லிய பலகை அறைக்குள் காற்று விரைவில் சூடேறிவிடும். பகல் முழுவதும் உட்கார்ந்து வேலை செய்கிற அறைக்கு அது ஒத்து வராது. செட்டிநாட்டு வீடு ஏன் குளிர்ச்சியாக இருக்கிறது என்றால், தடித்த செங்கல் சுவரும் சுண்ணாம்புப் பூச்சும் பகல் வெப்பத்தை உள்ளே விடாமல் தாமதப்படுத்துகின்றன; வளவின் திறந்த வானம் இரவில் அதை வெளியேற்றுகிறது. அங்கே மரம் சுவராக நிற்பதில்லை. தூணாக, உத்திரமாக, கைமரமாக, நிலையும் கதவுமாக நிற்கிறது. அதாவது, தாங்குவதற்கும் பிரிப்பதற்கும்தான் மரம்.

நாங்களும் அப்படியே செய்தோம். கூரை, மாடி, வளவுச் சுற்று எல்லாவற்றையும் மரச் சட்டகம் தாங்குகிறது. மேற்குச் சுவரும் தெற்குச் சுவரும் 14 அங்குலச் செங்கல், சுண்ணாம்புக் காரை. உள் தடுப்புகளில் பெரும்பகுதி மரம். கூரை ஓடு. தரை ஆத்தங்குடிக் கல். கண்ணாடித் தகட்டின் மேல் சாயமும் சிமெண்டும் வார்த்து, தண்ணீரில் ஊறவைத்து எடுப்பார்களே, அதுதான். பட்டறை நடந்துபோகும் தூரத்தில் இருந்தது. ஆச்சி தினமும் போய்ப் பார்த்து, நிறம் திரிந்த கல்லைத் தானே ஒதுக்கினார்.

மரத்தை எங்கிருந்து எடுப்பது என்பதில்தான் எனக்கு மனம் உறுத்தியது. இந்த வட்டாரத்தின் பெரிய வீடுகள் பெரும்பாலும் பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதிக்கும் 1940-களுக்கும் இடையில் எழுந்தவை. தேக்கு பர்மாவிலிருந்தும் முதிரை இலங்கையிலிருந்தும் கப்பலில் வந்தன. 1942-இல் பர்மா ஜப்பானியர் கைக்குப் போனதும் அந்தக் கொடுக்கல் வாங்கலும் முறிந்தது. அதன் பிறகு பராமரிக்க வருமானம் இல்லாத வீடுகள் ஒவ்வொன்றாகப் பிரிக்கப்பட்டன. தூணும் கதவும் காரைக்குடிக் கடைகளுக்கு வந்தன. செட்டிநாட்டு ஊர்த்தொகுதிகள் 2014-இல் யுனெஸ்கோவின் உலக மரபுச் சின்னங்களுக்கான உத்தேசப் பட்டியலில் ஏறின. ஆனாலும் பிரிப்பது நின்றபாடில்லை. ஒரு வீட்டைக் கட்ட இன்னொரு வீட்டை இடிப்பதற்கு நான் துணை போகலாமா? நாம் வாங்க வாங்க, அங்கே இடிக்க ஆள் வருகிறது.

இதைப் பற்றி ஆச்சியிடமே பேசினேன். இரண்டு முடிவுகள் எடுத்தோம். ஒன்று, ஏற்கெனவே கூரை விழுந்து போன வீட்டின் மரத்தை மட்டும் வாங்குவது, அதையும் போய்க் கண்ணால் பார்த்துவிட்டு வாங்குவது. இரண்டு, சிற்ப வேலை உள்ள நிலைகளையும் தூண் தலையின் போதிகைகளையும் தொடுவதில்லை. அவை இன்னும் நிற்கிற வீடுகளுக்குப் பழுது பார்க்கத் தேவைப்படும். எங்களுக்கு வேண்டியது வேலைப்பாடு இல்லாத தூண்களும் உத்திரங்களும்தான். மாடியின் குறுக்குச் சட்டங்களுக்குப் புதுத் தேக்கு, தஞ்சைப் பக்கத்து வாய்க்கால் கரை மரம். இதனால் மனச்சுமை முழுவதும் தீர்ந்தது என்று சொல்ல மாட்டேன். குறைந்தது.

பழைய மரத்தில் ஒரு பெரும் நன்மை உண்டு. பச்சைத் தேக்கு முழுவதும் காயும்போது வளையத்தின் போக்கில் சுமார் 5 விழுக்காடும், நடுவிலிருந்து பட்டைப் பக்கமாக அதில் பாதியும் சுருங்கும். இந்த ஏற்றத்தாழ்வினால்தான் மரம் முறுக்கிக்கொள்கிறது. எண்பது ஆண்டு ஒரு கூரைக்கடியில் இருந்த தூண் தன் முறுக்கை எல்லாம் முடித்துவிட்டிருக்கும். அதோடு, முற்றிய மரமாகையால் உள்கட்டையான வைரம் மிகுதி, வெளிக்கட்டையான வெளிறு குறைவு. கறையான் வைரத்தில் எளிதில் பல் வைக்காது. வெளிறு என்றால் விடாது.

வாங்கியதில் ஒரு பாடமும் கிடைத்தது. ஒரு வியாபாரி 14 உத்திரங்களை பர்மாத் தேக்கு என்று சொல்லி இறக்கினார். எல்லாவற்றிலும் ஒரே கறுப்பு, ஒரே தூசு, ஒரே எண்ணெய்ப் பூச்சு. எனக்கு வேறுபாடு தெரியவில்லை. எங்கள் ஆசாரி ஒவ்வொன்றின் முனையிலும் இழைப்புளியை ஒரே ஒரு தள்ளு தள்ளினார். சுருளாக வந்த சீவலை விரல்களுக்கிடையில் கசக்கி முகர்ந்தார். தேக்கானால் பழைய தோலின் வாசனை போல ஒன்று வரும். விரலில் மெல்லிய எண்ணெய்ப் பிசுக்கு ஒட்டும். ஒன்பதாவது உத்திரத்தில் சீவலை என்னிடம் நீட்டினார். "முகர்ந்து பாருங்கள் சார், ஒன்றும் இல்லை." உண்மையிலேயே ஒன்றும் இல்லை, வெறும் தூசு வாசனை. அப்படி மூன்று அகப்பட்டன. திருப்பி அனுப்பினோம். மரம் வாங்கப் போகிறவர்களுக்கு நான் சொல்வது இதுதான்: நல்ல ஆசாரியையும் இழைப்புளியையும் அழைத்துக்கொண்டு போங்கள். மேற்பூச்சை நம்பாதீர்கள். உள்ளே மறைந்திருக்கும் பழைய ஆணிகளைத் தேட ஒரு காந்தமும் கொண்டு போங்கள். ஒரு ஆணி ஒரு ரம்பத்தைப் பாழாக்கிவிடும்.

தூண்கள் மொத்தம் 12. எட்டு அங்குலச் சதுரம், ஒன்பதடி உயரம். ஒன்றுக்கு நான்கு கன அடி. ஒன்றுகூட மண்ணையோ தரையையோ தொடவில்லை. மூன்றடி உயரக் கல் அடித்தளத்தின் மேல் கருங்கல் பீடம், அதில் குழி, தூணின் அடியில் செதுக்கிய முளை அந்தக் குழியில் உட்காருகிறது. கல்லுக்கும் மரத்துக்கும் நடுவே ஒரு செப்புத் தகடு, ஓரங்களைக் கீழ்நோக்கி மடித்து. கறையான் ஏற வேண்டுமானால் அந்த மடிப்பைச் சுற்றிக்கொண்டு வெளிச்சத்துக்கு வந்துதான் ஏற வேண்டும். அதன் மண்கோடு கண்ணில் பட்டுவிடும். மாதம் ஒருமுறை பீடங்களைச் சுற்றிப் பார்த்துத் துடைக்கிற வேலை பேரனுடையது. இதுவரை ஒரே ஒரு முறை கோடு கண்டான். அன்று வீட்டில் பெரிய ஆர்ப்பாட்டம்.

அடுப்பும் காற்றும்

மர வீட்டில் எண்ணெய்ச் சட்டி கொதிக்கலாமா என்று உறவினர்கள் எல்லாரும் பயமுறுத்தினார்கள். நியாயமான பயம்தான். தடித்த மரம் திடீரென்று பற்றி விழுந்துவிடாது; மேலே கரி படர்ந்து, அந்தக் கரியே உள் மரத்தைக் காக்கும். கனமான மரத்தில் அரை மணி நேரத்துக்கு ஒவ்வொரு பக்கமும் 15 முதல் 20 மில்லிமீட்டர் கருகும் என்பது பொதுவான கணக்கு. 200 மில்லிமீட்டர் தூணில் அதன் பிறகும் தாங்கும் அளவு மரம் மிஞ்சும். தூண் நிற்கும் என்பதற்காக அடுப்பை அதன் அருகில் வைத்துவிட முடியாது. ஓர் அங்குலப் பலகையும் கைமரமும் அந்த அளவு தாக்குப்பிடிக்காது.

ஆகவே பலகாரக் கொட்டகையில் மரமே இல்லை. செங்கல் சுவர், கழுவக்கூடிய ஓட்டுப் பதிப்பு, இரும்புச் சட்டத்தின் மேல் கூரை. உணவுப் பாதுகாப்புப் பதிவுக்கும் கழுவக்கூடிய சுவரும் தரையும் தேவை; அந்த வகையில் இரண்டு வேலை ஒன்றாக முடிந்தது. 19 கிலோ வணிக சிலிண்டர்கள் வெளியே தனிக் கூண்டில். மாவு அரைக்கும் எந்திரம் தனி அடித்தளத்தில். அதன் அதிர்வு வீட்டுச் சட்டகத்துக்குக் கடந்து வராது. கொட்டகைக்கும் வீட்டின் கடைசித் தூணுக்கும் நடுவில் 12 அடித் திறந்த முற்றம்.

மனையில் அதை எங்கே வைப்பது என்பதில்தான் ஒரு மாதம் போயிற்று. வீடு கிழக்குப் பார்த்தது. கொட்டகை பின்னால் என்றால் மேற்கு. ஆனி, ஆடியில் இங்கே காற்று தென்மேற்கிலிருந்து வரும். அம்மியையும் பறக்கவைக்கும் ஆடிக் காற்று எண்ணெய்ப் புகையை நேராக வளவுக்குள் கொண்டுவந்து கொட்டும். கொட்டகையை வடமேற்கு மூலைக்குத் தள்ளினேன். புகைபோக்கியைக் கூரை முகட்டுக்கு மேல் உயர்த்தினேன். புகை வடகிழக்காகச் சென்று பக்கத்துப் புளியந்தோப்பைச் சேரும் என்று கணக்கிட்டேன். ஆனாலும் காற்று சுழன்றால் என்ன செய்வது என்று எனக்குத் திருப்தி இல்லை. தெற்கே ஒரு தடுப்புச் சுவர் எழுப்பலாமா என்று படம் வரைந்துகொண்டு போனேன்.

ஆச்சி படத்தைப் பார்த்துவிட்டுக் கேட்டார்: "ஆடியில் யார் தம்பி கல்யாணம் வைக்கிறார்கள்?"

அவருடைய தொழிலின் காலண்டர் அது. கல்யாண ஆர்டர்கள் ஆடியில் இல்லை. தீபாவளிக்குச் சுடுவது ஐப்பசியில். அதற்குள் காற்று திரும்பி வடகிழக்கிலிருந்து வீசத் தொடங்கிவிடும். புகை வீட்டைவிட்டு விலகிப் பின் தெருப் பக்கம் போய்விடும். தையில் கல்யாணக் காலம், அப்போதும் பெரும்பாலும் அதே காற்று. வேலை மிகுந்த மாதங்களில் காற்று அனுகூலம். காற்று எதிராக இருக்கும் மாதத்தில் வேலை குறைவு. சுவரைக் கைவிட்டோம். ஒரு தொழிலுக்கு இடம் அமைக்கும் முன் அந்தத் தொழிலின் மாதங்களைக் கேட்டுத் தெரிந்துகொள்வதை அன்று முதல் வழக்கமாக வைத்திருக்கிறேன்.

மகளுக்கும் ஒரு காலண்டர் உண்டு. ஒவ்வொரு மாதமும் 11-ஆம் தேதியும் 20-ஆம் தேதியும் ஜிஎஸ்டி கெடு. ஜூலைக் கடைசி வருமான வரி, செப்டம்பர்க் கடைசி தணிக்கை அறிக்கை. அந்த நாட்களில் இரவு இரண்டு மணிவரை விளக்கு எரியும். அதனால் அவருடைய அறை வீட்டின் தென்கிழக்கில், முகப்பின் ஓரத்தில், தனிக் கழிப்பறையோடு. காலை வெயில் நேரே விழும் இடம்தான். ஆனால் ஏழடி ஆழத் திண்ணையும் தாழ்ந்த இறவாரமும் இருப்பதால் அவர் உட்காரும் ஒன்பது மணிக்குள் வெயில் மேசையைவிட்டு இறங்கிவிடுகிறது. உள்ளூர்க் கடைக்காரர்கள் பில் கட்டுகளோடு வந்து திண்ணையில் உட்காருகிறார்கள். மஞ்சள் பையும் ரப்பர் பேண்டும் போட்ட கட்டுகள். பழைய வீட்டில் கணக்குப்பிள்ளையைப் பார்க்க வந்தவர்கள் உட்கார்ந்த அதே இடம், அதே உயரம்.

உள்வழி இல்லாத அறை

இந்த வீட்டில் நான் பிடிவாதமாக நின்றது ஒரே ஒரு விஷயத்தில். அலுவலக அறைக்கும் வீட்டுக்கும் நடுவே உள் கதவு வைக்கவில்லை. வேலை முடிந்தால் அவர் திண்ணைக்கு வெளியே வந்து, அறையைப் பூட்டி, ஒன்பது எட்டு நடந்து, முன் நிலையைத் தாண்டித்தான் வீட்டுக்குள் போக வேண்டும்.

மருமகன் ஏற்கவில்லை. ஒரே சுவருக்கு அந்தப் பக்கம் இருக்கும் அறைக்கு ஊரைச் சுற்றிக்கொண்டா போவது என்றார். மழையில் என்ன செய்வது, இரவில் என்ன செய்வது, அடுத்த தலைமுறை இதை அலுவலகமாக வைத்துக்கொள்ளாவிட்டால் என்ன செய்வது? கடைசிக் கேள்விக்கு என்னிடம் நல்ல பதில் இருந்தது: அந்தச் சுவர் பாரம் தாங்காத மரத் தடுப்பு. என்றைக்கு வேண்டுமானாலும் ஒரு நாளில் கழற்றிக் கதவு வைக்கலாம். மரச் சட்டக வீட்டின் பெரிய வசதியே அதுதான். தாங்குவது தூண், சுவருக்கு விடுதலை. மற்றக் கேள்விகளுக்கு மகள்தான் பதில் சொன்னார். "ஒன்பது எட்டுத்தானே. எனக்கு அது வேண்டும்."

அந்த ஒன்பது எட்டு எத்தனை வேலை செய்கிறது என்பதை முதல் மாதத்திலேயே பார்த்தோம். அவர் கைபேசியை அறையிலேயே வைத்துவிட்டு வரத் தொடங்கினார். நிலையைத் தாண்டும்போது குனிய வேண்டும்; பழைய அளவிலேயே நிலையை ஆறடிக்குள் வைத்திருந்தோம். குனிந்து நுழைகிறபோது அம்மா வந்துவிட்டார் என்று பையனுக்குத் தெரிகிறது.

ஆச்சியின் பக்கமும் அதே ஒழுங்கு. பலகாரத்துக்கு வருகிற ஆட்டோவும் சுமையும் பின் தெரு வாசலில். உதவிக்கு வரும் நான்கு பெண்களுக்கு அந்த வாசலோரம் கை கால் கழுவ இடம், உட்கார ஒரு சிறு திண்ணை. நடுவில் 14 அடிக்கு 18 அடி வளவு, வானம் பார்த்து. அதற்கு மேல் கண்ணாடிக் கூரை போடச் சொல்லிப் பலர் யோசனை சொன்னார்கள். மறுத்துவிட்டேன். மூடினால் சூடு தங்கும், மழை வராது, பிறகு அது வளவே அல்ல. குரங்குக்காக ஒரு இரும்புக் கம்பி வலை மட்டும். மழை நான்கு பக்கமும் கூரையிலிருந்து விழுந்து கல் வாய்க்காலில் ஓடித் தொட்டியில் சேருகிறது. வளவுக்கு ஒரே ஒரு விதி: இங்கே வேலை வரக்கூடாது. கணக்கும் கூடாது, பலகாரமும் கூடாது.

நான் தவறிய இடங்கள்

முதல் தீபாவளியிலேயே அந்த விதி உடைந்தது. மணகோலம், சீப்புச் சீடை, தேன்குழல், கைமுறுக்கு என்று டின் டின்னாக வந்துகொண்டே இருந்தது. பொட்டலம் கட்டவும் அடுக்கவும் நான் கொடுத்திருந்த அறை பத்தடிக்கு எட்டடி. இரண்டு நாளில் நிரம்பிவிட்டது. டின்கள் முற்றத்துக்கு வந்தன. மழை வந்ததும் இரண்டாம் கட்டுக்கு ஏறின. அங்கிருந்து வளவுச் சுற்றுக்கு. பதினொரு நாள் வீட்டார் டின்களுக்கு நடுவே சந்து விட்டு நடந்தார்கள். பையன் படிக்க இடமில்லாமல் மாடிப்படியில் உட்கார்ந்தான். நான் ஆச்சியின் அடுப்பைத்தான் அளந்திருந்தேன். அடுப்பிலிருந்து இறங்கியது எங்கே ஆறும், எங்கே காத்திருக்கும் என்று அளக்கவில்லை. சுடுவதற்கு வேண்டிய இடத்தைப் போல மூன்று மடங்கு இடம் ஆறவைக்கவும் அடுக்கவும் வேண்டியிருந்தது. அடுத்த கோடையில் தெற்கு ஓரத் தாழ்வாரமான ஆளோடியை நீட்டி, முப்பதடி நீளத்துக்கு வேப்பம்பலகைத் தட்டுகள் அடித்தோம். இரண்டாவது தீபாவளிக்கு வளவு காலியாக இருந்தது.

அடுத்த தவறு சத்தம். அலுவலக அறைக்கு மேலே மாடியில் பையனின் அறை. மாடித் தரையைப் பலகையால் போட்டேன். அழகுக்கு ஆசைப்பட்டேன் என்றுதான் சொல்ல வேண்டும். பையன் ஓடினால் கீழே மத்தளம் கொட்டுகிறது. வாடிக்கையாளரோடு காணொளியில் பேசும்போது மறுமுனையில் இருப்பவர் "வீட்டில் வேலை நடக்கிறதா?" என்று கேட்டாராம். பழைய வீடுகளில் மாடித் தளம் வெறும் பலகை அல்ல. மரச் சட்டங்களின் மேல் செங்கல்லைச் சாய்வாகக் குத்தி நிறுத்திச் சுண்ணாம்பில் கட்டி, அதன் மேல் செங்கல் ஜல்லிக் காரை போட்ட மெட்ராஸ் டெரஸ். அந்தக் கனம்தான் சத்தத்தைக் குடித்தது. அதை நான் தெரிந்தே கைவிட்டேன், பாரம் குறையும் என்று. சரிசெய்ய வழி இருந்தது: அலுவலக அறைக்கு மட்டும் கீழே தனிச் சட்டங்களில் இன்னொரு மரக் கூரை, மேல் தளத்தை எங்கும் தொடாமல், நடுவில் தென்னை நார். மேலே தடித்த கயிற்றுப் பாய். இப்போது ஓட்டம் கேட்கிறது, மத்தளம் இல்லை. இன்னொரு முறை கட்டினால் அந்த ஓர் அறைக்கு மேல் செங்கல்தான்.

கதவுகள் ஐப்பசியில் பிடித்துக்கொண்டன. இரண்டடி அகலப் பலகை அடைமழைக்கும் சித்திரைக்கும் நடுவில் மூன்று நான்கு மில்லிமீட்டர் விரிந்து சுருங்கும். புது மரத்தில் செய்த இரண்டு கதவுகளில் ஆசாரி விட்ட இடைவெளியை நான் குறைக்கச் சொல்லியிருந்தேன். அவர் பேச்சைக் கேட்டிருக்க வேண்டும்.

மொத்தச் செலவில் மரத்தின் பங்கு நான்கில் ஒன்றுக்குச் சற்றுக் குறைவு. ஆசாரிமார் கூலி தனி. ஒரு கான்கிரீட் வீட்டைவிட ஐந்து மாதம் கூடுதலாக ஆயிற்று.

போன தை மாதம் பீடங்களைப் பார்க்கப் போயிருந்தபோது மகள் ஒன்று கேட்டார். உள் கதவு வேண்டாம், அது இல்லாததுதான் நல்லது. ஆனால் 20-ஆம் தேதி இரவுகளில் பையன் தூங்கப் போகுமுன் திண்ணைக்கு வந்து கதவைத் தட்டுகிறான்; இருட்டு, பூச்சி பொட்டு. தடுப்பில் ஒரு சின்னச் சாளரம் வைக்க முடியுமா? முகம் தெரிந்தால் போதும்.

ஆசாரி வந்தார். பழைய உத்திரத்தில் மிஞ்சிய துண்டு ஒன்று இருந்தது. ஓரடிச் சதுரத்தில் சட்டம், ஒற்றைக் கதவு, பித்தளைக் கீல். எந்த உயரத்தில் என்று தெரிய பையனைத் தடுப்போரம் நிற்கவைத்து, மோவாய்க்கு நேரே பென்சிலால் கோடு போட்டு, வளருகிற பிள்ளை என்று அதற்கு மேல் நான்கு விரல் விட்டார். மாலைக்குள் வேலை முடிந்தது. கடைசியில் தாழ்ப்பாளைக் கையில் வைத்துக்கொண்டு, எந்தப் பக்கம் அடிப்பது என்று கேட்டார். அலுவலகப் பக்கமா, வீட்டுப் பக்கமா?

மகள் கொஞ்ச நேரம் யோசித்தார். "அவன் பக்கம் வையுங்கள்" என்றார்.